375 கிலோ துவைகல்லை மூன்று பேர் நகர்த்துவது எப்படி: கடப்பாரை, குழாய், கட்டை

தெருவோரம் லாரி இறக்கிவிட்டுப் போன கருங்கல் பலகையைச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் கொண்டுபோய், ஒன்றரை அடி உயர மேடையில் துவைகல்லாக உட்கார வைக்க வேண்டும். ஆறேழு பேரைக் கூப்பிட்டுத் தூக்கலாம்தான். ஆனால் மூன்றரை அடிச் சந்தில் ஆறு பேர் கல்லோடு நுழைய முடியாது. மூன்று பேரும் சில எளிய சாமான்களும் போதும். அரை நாள் ஆகும்.

கீழே வரும் முறை ஆட்டுக்கல், இரும்பு பீரோ, தண்ணீர்த்தொட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரண்டு அங்குலக் கடப்பா கல்லுக்கு மட்டும் வேண்டாம். அதைப் படுக்கையாக நெம்பினால் நடுவில் உடைந்துவிடும். செங்குத்தாக நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும்.

1. முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள்

ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ இருக்கும். நம் கல் 5 அடி நீளம், 2 அடி அகலம், அரை அடி கனம். பெருக்கினால் 5 கன அடி, அதாவது ஏறக்குறைய 375 கிலோ.

இந்தக் கணக்கை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் கல்லைக் கண்ணால் பார்த்து "இருநூறு கிலோ இருக்கும்" என்பார்கள். அந்த நினைப்பில் மெல்லிய கட்டையையும் நைந்த கயிற்றையும் எடுத்து வருவார்கள். எடை தெரிந்தால் எது தாங்கும், எது தாங்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இன்னொரு விஷயம். ஒரு முனையை மட்டும் தூக்கும்போது மறுமுனை தரையில் இருக்கும். அப்போது நம் கையில் வருவது பாதி எடைதான், சுமார் 188 கிலோ. முழு எடையை ஒரே நேரத்தில் தூக்கும் தேவை இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் வராது.

2. வழியை நடந்து பாருங்கள்

கல்லின் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் தரையில் போட்டு, சந்தின் திருப்பத்தில் திருப்பிப் பாருங்கள். மூன்றரை அடி அகலச் சந்தில் 5 அடிக்கு 2 அடிக் கல் திரும்பும், ஆனால் இடம் இறுக்கமாகத்தான் இருக்கும். சுவரில் ஒரு குழாயோ மீட்டர் பெட்டியோ துருத்திக்கொண்டிருந்தால் திரும்பாது. அது கல் பாதி வழியில் நிற்கும்போது தெரிவதைவிட அட்டையிலேயே தெரிவது நல்லது.

தரையில் சாக்கடை மூடி, தண்ணீர்த் தொட்டி மூடி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய சிமென்ட் மூடி இந்தப் பாரத்தைத் தாங்காது. அதன் மேல் பலகை போட்டாலும், பலகையின் இரண்டு முனைகளும் மூடிக்கு வெளியே திடமான தரையில் இருக்க வேண்டும்.

மழைநீர் ஓடுவதற்காகச் சந்துக்குக் கொடுத்த வாட்டத்தையும் கவனியுங்கள். 40 அடிக்கு ஒரு அடி என்ற லேசான சரிவுகூட, குழாய் மேல் ஏறிய கல்லைத் தானாக நகர வைத்துவிடலாம்.

3. சேர்த்து வைக்க வேண்டியவை

5 அடிக் கடப்பாரை இரண்டு (இலங்கையில் அலவாங்கு). ஒன்று வளைந்திருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள், பாரம் ஏறும்போது அது கையில் புரளும்.

2 அங்குல ஜி.ஐ. குழாய், மூன்றடித் துண்டுகளாக ஐந்து. கனமான சி கிளாஸ் குழாய் நல்லது. எல்லாம் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறியது பாரத்தைத் தொடவே தொடாது. பி.வி.சி. வேண்டாம், நசுங்கும். சவுக்குக் கம்பையும் சிலர் கொண்டு வருவார்கள். அது ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருப்பதால், கல் மெலிந்த பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். வேறு வழி இல்லையென்றால் தடித்த முனைகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

2 அங்குலக் கனமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள மரக்கட்டைகள், குறைந்தது நாற்பது. எண்ணிக்கையைக் கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள். மேடைக்கு ஏற்றும் நேரத்தில் சிரிக்க மாட்டார்கள். சாரம் கட்டும் ஆட்களிடம் வாடகைக்குக் கிடைக்கும்.

இவற்றோடு நீளப் பலகைகள் நான்கு, மர ஆப்புகள் ஆறேழு, ஒரு சுத்தியல், உறுதியான கயிறு. மூன்று பேருக்கும் ஷூ வேண்டும். ரப்பர் செருப்போடு வருகிறவரைக் கல்லருகே விடாதீர்கள்.

4. கடப்பாரைக்கு முட்டு எங்கே வைப்பது

கடப்பாரைக்கு அடியில் வைக்கும் கட்டையை இங்கே முட்டு என்கிறேன், கல்லுக்கு அடியில் செருகுவதை அடைக்கட்டை என்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

60 அங்குலக் கடப்பாரையில் நுனியிலிருந்து 4 அங்குலத்தில் முட்டு இருந்தால், கைப்பக்கம் 56 அங்குலம் மீதி. 56-ஐ 4-ஆல் வகுத்தால் 14. நாம் கொடுக்கும் அழுத்தம் 14 மடங்காகிறது. 188 கிலோவைத் தூக்க 13, 14 கிலோ அழுத்தம் போதும். கடப்பாரையின் சரிவு, உராய்வு எல்லாம் சேர்த்து 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அழுத்திவிடும்.

முட்டை ஓர் அடி தள்ளி வைத்தால்? 48-ஐ 12-ஆல் வகுக்க 4 மடங்குதான். இப்போது 47 கிலோ அழுத்த வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வைக்கிறார்கள். கல் சீக்கிரம் உயரும் என்பதுதான் அவர்கள் எண்ணம், அது உண்மையும்கூட. ஆனால் அதற்கு முழு உடம்பையும் கடப்பாரை மேல் போட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நுனி வழுக்கினால் ஆள் முகம் குப்புற விழுவார்.

4 அங்குல முட்டில் கை 28 அங்குலம் கீழே இறங்கினால் கல் 2 அங்குலம் உயரும். பலம் 14 மடங்கு கூடியதால் தூரம் 14 மடங்கு குறைந்தது. எந்தக் கருவியை எடுத்தாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் மாறாது. நமக்குத் தேவையே ஒரு கட்டை நுழையும் 2 அங்குலம்தான் என்பதால் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முட்டாகச் செங்கல் வைக்காதீர்கள். கல்லின் 188 கிலோவும் நம் அழுத்தமும் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல் அந்த ஒரே இடத்தில் இறங்குகிறது. செங்கல் நொறுங்கும். கருங்கல் துண்டு வைத்தால் இரும்பு அதில் வழுக்கும். கெட்டியான மரம்தான் சரி, கடப்பாரை அதில் லேசாகப் பதிந்து பிடித்துக்கொள்ளும். மண் தரையாக இருந்தால் முட்டுக்குக் கீழே ஓர் அகலப் பலகை போடுங்கள். இல்லாவிட்டால் கல் உயர்வதற்குப் பதில் முட்டு மண்ணுக்குள் போகும், நீங்கள் அழுத்தியதெல்லாம் வீண்.

நிற்கும் விதமும் முக்கியம். கடப்பாரையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். முகம் அதன் நேர் மேலே இருக்கக் கூடாது, வழுக்கினால் தாடையில் அடிக்கும். உள்ளங்கையை விரித்து மேலிருந்து அழுத்துங்கள். விரல்களை அடியில் சுற்றிப் பிடித்தால், கீழே இறங்கும்போது முட்டி தரையில் நசுங்கும். பலம் போதவில்லை என்று கடப்பாரையின் முனையில் குழாயைச் செருகி நீட்டவே நீட்டாதீர்கள். முட்டைக் கல்லுக்குப் பக்கமாக நகர்த்துங்கள், அதுவே போதும்.

சுவரோரத்தில் அழுத்த இடமில்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. நுனியைக் கல்லுக்கு அடியில் நாலு அங்குலம் விட்டுத் தரையில் ஊன்றி, கைப்பக்கத்தை மேலே தூக்க வேண்டும். பாரம் நடுவில் வருகிற இதில் 15 மடங்கு கிடைக்கும், முட்டே தேவையில்லை. கூடவே கல் கொஞ்சம் முன்னாலும் நகரும். ஆனால் முதுகை வளைத்துத் தூக்கத் தோன்றும், அங்கேதான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. உட்கார்ந்து, காலால் எழும்புங்கள்.

5. தூக்குவதும் அடை கொடுப்பதும்

நெம்புவதுதான் வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அடை கொடுப்பதுதான் வேலை. கடப்பாரை கல்லை உயர்த்துகிறது, அவ்வளவுதான். அந்த உயரத்தைக் கட்டை மட்டுமே காப்பாற்றும். கடப்பாரை மேல் நிற்கிற கல்லை, இன்னும் தூக்கி முடியாத கல்லாகவே நினையுங்கள்.

ஆட்களை இப்படிப் பிரியுங்கள். ஒருவர் கடப்பாரை, ஒருவர் அடைக்கட்டை, மூன்றாமவர் கல்லை மட்டும் பார்த்துக் குரல் கொடுப்பார். கட்டளை அவர் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும். "தூக்கு", "நிறுத்து", "கட்டை", "இறக்கு" என்ற நான்கு சொல் போதும். ஐலசா பாட்டெல்லாம் கயிறு இழுக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

கல் தரையோடு ஒட்டிப் படுத்திருந்தால் நுனி நுழைய ஒரு பள்ளம் தோண்ட வேண்டியிருக்கும், அல்லது ஆப்பு அடித்து இடைவெளி உண்டாக்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போதே இரண்டு கட்டை போட்டு அதன் மேல் இறக்கச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு முனையை 2 அங்குலம் தூக்குங்கள். விளிம்பிலிருந்து ஓர் அடி உள்ளே, குறுக்கு வாட்டத்தில் கட்டையைச் செருகுங்கள். கையால் அல்ல, ஒரு குச்சியால் தள்ளிச் செருகுங்கள். கை கல்லின் நிழலுக்குள் போகவே கூடாது. கட்டை சரியாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு மெல்ல இறக்குங்கள்.

இனி மறுமுனை. இந்த முறை எடை இன்னும் குறைவாக இருக்கும். கல் இப்போது ஓரத்தில் அல்ல, ஓர் அடி உள்ளே இருக்கும் கட்டையில் ஊன்றி நிற்கிறது. அதனால் மறுமுனையில் 141 கிலோ அளவுதான் வரும். "இந்தப் பக்கம் லேசா இருக்கே" என்று ஒருவர் சொல்வார், காரணம் இதுதான்.

அவசரத்தில் ஒரே முனையை நாலைந்து கட்டை உயரம் தூக்கிவிட்டு, பிறகு மறுமுனைக்குப் போகிறவர்கள் உண்டு. கல் சாய்ந்து, தாழ்ந்த பக்கமாக வழுக்கிப் போகும். இரண்டு முனைக்கும் வித்தியாசம் எப்போதும் ஒரு கட்டைதான்.

நழுவிய கல்லைப் பிடிக்கப் போகாதீர்கள். விழட்டும். விலகி நில்லுங்கள்.

6. பலகையும் குழாயும்

கல் இரண்டு பக்கமும் கட்டை மேல் நின்றதும், அதன் நீளவாக்கில் இரண்டு பலகைகளை அடியில் தண்டவாளமாக விடுங்கள். அவற்றின் மேல் குறுக்காக நான்கு குழாய். உயரம் போதாவிட்டால் இன்னொரு சுற்று தூக்குங்கள். பிறகு அடைக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லைக் குழாய் மேல் இறக்குங்கள். அதற்கு முன்பே இரண்டு பக்கமும் குழாயை ஒட்டி ஆப்பு வைத்திருக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, கடைசிக் கட்டையை எடுத்ததும் கல் நகர்வதைப் பார்த்து அலறுவார்கள்.

பலகை எதற்கு, குழாய் போதாதா என்று கேட்பார்கள். மண்ணில் குழாய் புதையும், புதைந்த குழாய் உருளாது. சிமென்ட் தரையிலும் சிறு ஜல்லி ஒன்று போதும், குழாய் நின்றுவிடும்.

கல்லை நேரடியாகத் தரையில் இழுத்தால் எடையில் பாதிக்கு மேல், 200 கிலோவைத் தாண்டிய விசை வேண்டும். பலகை மேல் குழாய் என்றால் 20 கிலோ அளவில் நகர்ந்துவிடும்.

7. தள்ளுவது, திருப்புவது

பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். கல் 2 அடி போகும்போது குழாய் 1 அடிதான் போகும். ஆகவே பின்பக்கக் குழாய் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டே இருக்கும். அதை எடுத்து முன்னால் போட வேண்டும், ஐந்தாவது குழாய் இதற்காகத்தான். கல்லுக்கு அடியில் எப்போதும் குறைந்தது மூன்று இருக்கட்டும். இரண்டில் நின்றால் முன்முனை தலைகுப்புறச் சாயும்.

குழாய் மாற்றும்போது கல்லை நிறுத்தி ஆப்பு வையுங்கள். நகர்கிற கல்லுக்கு முன்னால் குனிந்து குழாய் போடுவது இந்த வேலையில் விரல் போகும் முதல் இடம். குழாய் மூன்றடி நீளம் என்று சொன்னதும் இதனால்தான், இரண்டு பக்கமும் அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கை கல்லுக்கு அடியில் போக வேண்டியதில்லை.

வலப்பக்கம் திரும்ப வேண்டுமா? முன் குழாயைச் சுத்தியலால் தட்டி, அதன் வலது முனை பின்னுக்கும் இடது முனை முன்னுக்கும் வரும்படி சாய்த்து வையுங்கள். பின் குழாயை அதற்கு எதிராகச் சாயுங்கள். கல் தானாக வளைந்து போகும். ஒரே தட்டில் அதிகம் சாய்க்க வேண்டாம். அரை அடி தள்ளுங்கள், பாருங்கள், மறுபடி தட்டுங்கள். திருப்பத்தில் பலகையை நீளமாக வைக்க முடியாது, சிறு பலகைத் துண்டுகளை விசிறி போலப் பரப்ப வேண்டும். கல்லைப் பக்கவாட்டில் தள்ளித் திருப்பப் பார்ப்பது வீண் முயற்சி.

இறங்கு சரிவு இருந்தால் தள்ளுவது வேலையல்ல, பிடித்து நிறுத்துவதுதான் வேலை. கல்லில் கட்டிய கயிற்றை மேட்டுப் பக்கம் உள்ள ஒரு மரத்திலோ தூணிலோ மூன்று சுற்றுச் சுற்றி, ஒருவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக விடட்டும். சுற்று ஒவ்வொன்றும் பிடிமானத்தைப் பல மடங்காக்கும், ஒரு கையே தாங்கும். கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கல்லுக்குக் கீழ்ப்புறம் ஒருவரும் நிற்கக் கூடாது.

8. மேடைக்கு ஏற்றுவது

இரண்டு வழி இருக்கிறது. இடம் இருந்தால் சாய்வுப் பலகை. ஒன்றரை அடி உயரத்துக்கு 9 அடிப் பலகை போட்டால் சரிவு ஆறில் ஒன்று. 375 கிலோவில் ஆறில் ஒரு பங்கு 62 கிலோ, உருளும் உராய்வோடு 80 கிலோ வரை இழுக்க வேண்டும். இரண்டு பேர் கயிற்றில் இழுக்க, மூன்றாமவர் கடைசிக் குழாய்க்குப் பின்னால் ஆப்பைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும், பக்கவாட்டில் நின்று, நீளக் குச்சியால். பலகையின் நடுவில் கட்டாயம் முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் தொய்ந்து பள்ளமாகிவிடும்.

கிணற்று ராட்டினத்தைக் கொண்டுவந்து தூணில் கட்டி "இனி பாரம் பாதி" என்பவர் ஒருவராவது இருப்பார். ஓரிடத்தில் கட்டிய கப்பி இழுக்கும் திசையைத்தான் மாற்றும், பாரத்தைக் குறைக்காது. கப்பியைக் கல்லோடு கட்டி, கயிற்றின் ஒரு முனையை மேல்பக்கத் தூணில் முடிந்து மறுமுனையை இழுத்தால் பாதியாகும். அப்போது இரண்டு மடங்கு நீளம் கயிறு இழுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, கட்டை அடுக்கு. கொல்லையில் 9 அடி இடம் கிடைப்பது அபூர்வம். தவிர இதில் கல் ஓடிப்போகும் பயம் இல்லை.

கல்லை மேடையை ஒட்டி, அதன் நேர் எதிரே நிறுத்துங்கள். குழாயை எடுத்துவிட்டு, 5-ஆம் படியில் செய்ததுபோல முனை மாற்றி முனை உயர்த்துங்கள். இரண்டு முனைக்கும் ஒவ்வோர் அடுக்கு. ஒரு வரிசையில் இரண்டு கட்டை நெட்டாக, அடுத்ததில் இரண்டு குறுக்காக, அதற்கு மேல் மறுபடி நெட்டாக. எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கினால் சரிந்துவிடும். ஒன்றரை அடி உயரத்துக்கு முனைக்கு 9 வரிசை, இரண்டு முனைக்கும் 36 கட்டை. மீதி நாலு முட்டுக்கு, முட்டு உயர உயர இன்னும் தேவைப்படுவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்கின் உயரம் கட்டையின் நீளத்தை அதிகம் தாண்ட வேண்டாம்.

கல் உயர உயர முட்டும் உயர வேண்டும். இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். முட்டைத் தரையிலேயே விட்டுவிட்டால் கடப்பாரை மேல்நோக்கிச் செங்குத்தாகி, நுனி கல்லை விட்டு வழுக்கும். முட்டுக்கென்று தனியாக ஓர் அடுக்கு கட்டுங்கள். கல்லைத் தாங்கும் அடுக்கின் மேலேயே முட்டை வைக்கக் கூடாது, நெம்பும்போது அந்த அடுக்கே நகரும்.

கார் ஜாக்கி வைக்கலாமா? வைக்கலாம். அதன் திருகும் சுற்றி வைத்த சாய்தளம்தான். ஆனால் அது நுழையவே நாலு அங்குல இடைவெளி வேண்டும், அதற்கு முதலில் கடப்பாரை தேவை. இரும்புத் தலை கல்லில் வழுக்காமல் இருக்க நடுவே மரத்துண்டு வையுங்கள். ஜாக்கி உயர்த்தினாலும் அடை கொடுப்பது அதே மாதிரிதான்.

மேடை மட்டத்தைவிடப் பலகையும் குழாயும் நுழையும் அளவு கூடுதலாக ஏறியதும், அடுக்கிலிருந்து மேடைக்குப் பாலமாகப் பலகை போட்டு, மேலே குழாய் வைத்து மெல்ல நகர்த்துங்கள். இங்கே வேகமாகத் தள்ளினால் அடுக்கு பின்னுக்குச் சாயும். கைத்தள்ளல் போதவில்லையென்றால் கடப்பாரையை மேடையில் ஊன்றிக் கல்லை அங்குலம் அங்குலமாக இழுங்கள்.

9. உட்கார வைப்பது

களைப்போடு செய்கிற கட்டம் இது. தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

மேடையில் கலவை போடுவதற்கு முன் அதைவிடக் கொஞ்சம் தடிமனான ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை மூன்று இடத்தில் குறுக்காக வையுங்கள். கலவையைப் பரப்பி, கல்லை ரீப்பர் மேல் இறக்குங்கள். பிறகு ஒரு முனையை மயிரிழை தூக்கி, ரீப்பரைக் கம்பியால் உருவிவிட்டு இறக்குங்கள், அடுத்தது மறுமுனை. விரலுக்கு இடமில்லாத இறக்கம் இது, அதனால்தான் ரீப்பர். ஈரக் கலவையில் நேரடியாக இறக்கினால் ஒரு பக்கம் அமுங்கிவிடும், அப்புறம் மறுபடி கடப்பாரைதான்.

தண்ணீர் ஓட 5 அடிக்கு அரை அங்குலம் வாட்டம் கொடுங்கள். மட்டம் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது கலவை ஈரமாக இருக்கும்போதுதான். ஓரங்களில் கலவையைத் திணித்துப் பூசிவிட்டு, ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். அதுவரை அதன் மேல் துணி அடிக்க வேண்டாம்.